முகாமுக்கு ஒரு ஜெனரேட்டர்: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

"கேம்ப்புக்கு ஒரு ரெண்டு கேவி ஜெனரேட்டர் வாங்கலாம்னு இருக்கோம், எந்தக் கம்பெனி நல்லது?" என்று நண்பர்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். கம்பெனி பெயருக்குப் போகும் முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். ராத்திரி எத்தனை மணிக்கு அதை அணைப்பீர்கள்?

பெரும்பாலும் பதில் வராது. விடிய விடிய ஓட வேண்டியதுதானே ஜெனரேட்டர் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பு மாறினால் எந்த அளவு வாங்குவது, எங்கே வைப்பது, எவ்வளவு பெட்ரோல் கொண்டுபோவது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை மாறிவிடும். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

எங்கள் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் நண்பர் ஒருவரின் பட்டா நிலத்தில் கூடாரம் போட்டு இரவெல்லாம் வானம் பார்க்கிறவர்கள் நாங்கள். காவலூரில்தான் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் பெரிய ஊர் வெளிச்சம் கிடையாது. டிசம்பரில் ஜெமினிட் எரிகல் பொழிவு வரும் நாட்களில் அங்கே பனி நன்றாக இறங்கும். தொலைநோக்கியைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும், லென்ஸில் பனி படியாமல் சூடாக்கும் பட்டைக்கு வேண்டும், படம் எடுப்பவரின் லேப்டாப்புக்கு வேண்டும். எல்லோருடைய போனுக்கும் வேண்டும். அதே சமயம் சத்தம் இருக்கக் கூடாது, அதிர்வு இருக்கக் கூடாது, வெளிச்சம் இருக்கவே கூடாது. இந்த இழுபறியில்தான் ஜெனரேட்டரைப் பற்றி நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு தொலைநோக்கி மோட்டார்கள், 12 வோல்ட்டில் ஆளுக்கு ஒன்றரை ஆம்பியர், எட்டு மணி நேரம்: 288 வாட்-மணி. சூடாக்கும் பட்டைகள் இரண்டு, தலா 12 வாட், எட்டு மணி நேரம்: 192. லேப்டாப் 50 வாட், ஆறு மணி நேரம்: 300. எட்டு போன்கள், தலா 15 வாட்-மணி: 120. எல்லாம் சேர்ந்து 900 வாட்-மணி. ஒரு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. அதாவது ஒரு முழு இரவுக்கும் ஒரே பேட்டரி போதும், மிச்சமும் இருக்கும். வழக்கமான ஈய அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் இரண்டு வேண்டும்.

அப்படியானால் ஜெனரேட்டரின் வேலை என்ன? அந்த பேட்டரியை நிரப்பிக் கொடுப்பது. 40 ஆம்பியர் சார்ஜர் போட்டால் சுமார் 620 வாட் இழுக்கும். மூன்று மணி நேரத்துக்குள் பேட்டரி நிறைந்துவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டு, காய் நறுக்கி, சமைத்து, சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் எட்டு மணிக்கு அணைத்துவிடலாம். அதற்குப் பிறகு மலை மலையாக இருக்கும்.

நீங்கள் வானம் பார்க்காவிட்டாலும் இந்தக் கணக்கு பொருந்தும். நாலு எல்இடி விளக்கு, இரண்டு பிஎல்டிசி ஃபேன், போன்கள், தூக்கத்தில் மூச்சுத் தடையுள்ளவருக்கு ஒரு சிபேப் மெஷின் என்று கூட்டினால் இரவு முழுதும் பேட்டரியிலேயே போய்விடும். ஒரே ஒரு ராத்திரி, அதுவும் இரண்டு மூன்று பேர் என்றால் ஜெனரேட்டரே வேண்டாம். வீட்டிலிருந்தே சார்ஜ் செய்த பவர் ஸ்டேஷன் ஒன்றை எடுத்துப் போங்கள். இரண்டாவது இரவு, மூன்றாவது இரவு என்று நீளும்போதும், ஆட்கள் பத்துக்கு மேல் போகும்போதும்தான் ஜெனரேட்டருக்கு அர்த்தம் வருகிறது.

இனி அளவு. முதலில் சூடாக்கும் சாமான்களை ஒதுக்கிவையுங்கள். எலக்ட்ரிக் கெட்டில் 1,500 வாட், இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட், அயர்ன் பாக்ஸ் 1,000 வாட். இவற்றுக்காகப் பெரிய ஜெனரேட்டர் வாங்குவதைவிட ஐந்து கிலோ சிலிண்டர் ஒன்று கொண்டுபோவது எவ்வளவோ மேல். பிறகு மோட்டார் உள்ளவற்றைப் பாருங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், சில மோட்டார்கள் அதற்கும் மேலே போகும். அரை ஹெச்பி தண்ணீர் மோட்டார் ஓடும்போது 600 வாட்தான் காட்டும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் 1,000 வாட் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். 750 வாட் மிக்ஸியும் அப்படித்தான். ஆகவே சேர்ந்தாற்போல் ஓடக்கூடியவற்றைக் கூட்டி, அதில் மிகப் பெரிய மோட்டாரின் கிளம்பும் இழுப்பையும் சேர்த்து, வரும் தொகை மெஷினின் திறனில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டாத அளவு பாருங்கள்.

கடையில் அட்டைப்பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. சில நிமிடங்கள் மட்டும் தாங்கும் அளவு அது. தொடர்ந்து ஓடும் அளவு உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் கேட்க வேண்டும். உலகம் முழுக்க முகாம்காரர்கள் அளவுகோலாக வைத்துப் பேசும் ஹோண்டா இயூ22ஐ மெஷினில் உச்சம் 2,200 வாட், தொடர்ச்சியாக 1,800 வாட். நேர்மையாக இரண்டையும் எழுதுகிறார்கள். ஆன்லைனில் மலிவாக வரும் சில சின்ன மெஷின்களில் 950 என்று பெயரே வைத்திருப்பார்கள், தொடர்ந்து தருவதோ 650 வாட். அவற்றில் பலவும் டூ ஸ்ட்ரோக். பழைய ஸ்கூட்டர் போல பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், புகையும் சத்தமும் கூடவே வரும். முகாமுக்கு அவை வேண்டாம் என்பதே என் முடிவு.

மலைக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாத கணக்கு இன்னொன்று. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து இன்ஜின் சக்தி குறையும், 300 மீட்டருக்குச் சுமார் மூன்றரை சதவீதம். சமவெளியில் 1,800 வாட் தரும் மெஷின் ஜவ்வாது மலையில் 1,650 அளவில் நிற்கும். 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில் 1,350தான். ஊட்டியிலும் ஏறக்குறைய அதே கதை. மேலே போனதும் கருப்புப் புகை வந்து, பிளக் கரி பிடித்து, "கீழ நல்லாத்தானே ஓடுச்சு" என்று குழம்புவார்கள். மெலிந்த காற்றுக்கு வேண்டியதைவிடப் பெட்ரோல் அதிகமாகக் கலப்பதுதான் காரணம். எப்போதும் உயரத்திலேயே ஓட்டுகிறவர்கள் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதே ஜெட்டோடு கீழே இறக்கி ஓட்டினால் இன்ஜின் சூடேறும். எப்போதாவது போகிறவர்கள் லோடைக் குறைத்துக்கொண்டால் போதும்.

இன்வெர்ட்டர் ரகமா, சாதா ரகமா? இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை, முகாமுக்கு இன்வெர்ட்டர் ரகம்தான். சாதா ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் வர வேண்டும் என்பதற்காக இன்ஜின் எப்போதும் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடியே தீர வேண்டும். ஒரு போன் சார்ஜ் ஆனாலும் அதே 3,000, பத்து விளக்கு எரிந்தாலும் அதே 3,000. லோடு ஏறி இறங்கும்போது வோல்டேஜும் ஆடும். இன்வெர்ட்டர் ரகத்தில் வரும் மின்சாரத்தை முதலில் டிசியாக்கி, மறுபடி எலக்ட்ரானிக் சர்க்யூட் வழியாகச் சுத்தமான 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசியாக மாற்றுகிறார்கள். அதனால் இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் கவலையில்லை. எகோ சுவிட்சைப் போட்டால் லோடுக்குத் தக்கபடி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சத்தம் குறைகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது, லேப்டாப்பும் கேமராவும் பயமின்றிச் சார்ஜ் ஆகின்றன. இயூ22ஐயின் டேங்க் 3.6 லிட்டர்தான். கால்வாசி லோடில் அது எட்டு மணி நேரம் ஓடும், முழு லோடில் மூன்று மணி நேரம் சொச்சம். விலை கூடுதல்தான். ஆனாலும் 21 கிலோ மெஷினை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போகலாம்.

பல வீடுகளின் பரணில் பழைய மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் கிடக்கும். 1990களில் கடைக்குக் கடை வாசலில் நின்ற ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா காலத்தவை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவோம். நம் பவர்கட் காலங்களை உழைத்துக் கடத்திக் கொடுத்த மெஷின்கள் அவை, எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சத்தத்தையும் புகையையும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னால் ஒன்றைக் கேளுங்கள்: அது அமெரிக்க மாடலா? அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் சாமான்களுக்கு ஆகாது.

செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்கள் ஒரு அயர்ன் பாக்ஸும் மல்டிமீட்டரும் எடுத்துப் போங்கள். விற்பவரிடம் "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த மெஷின் நாலைந்து இழுப்பில் கிளம்ப வேண்டும். அயர்ன் பாக்ஸைச் செருகினால் இன்ஜின் ஒரு கணம் இறங்கி உடனே பிடித்துக்கொள்ள வேண்டும், மீட்டர் 230ஐ ஒட்டியே நிற்க வேண்டும். சுற்று ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினால் கார்புரேட்டர் அடைப்பு, அது சரியாகிவிடும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள்.

குலதெய்வக் கோயில் தோப்பில் இரண்டு நாள் தங்கி, கெடா வெட்டி, ஐம்பது அறுபது பேருக்குச் சமைக்கிற குடும்பங்களுக்கு இந்தச் சின்ன மெஷின் போதாது. கிரைண்டர், தண்ணீர் மோட்டார், மைக் செட் எல்லாம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவைக்காகப் பெரிய மெஷின் வாங்க வேண்டாம், சவுண்ட் சர்வீஸ்காரரிடமே வாடகைக்கு எடுங்கள்.

அடுத்து, எங்கே வைப்பது. இந்தப் பதிவில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். குளிரால், பயண அலுப்பால், சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் என்று நாம் நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிடுவோம். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்து இறந்தவர்களைப் பற்றிக் கொடைக்கானலிலிருந்து செய்தி வந்ததே, அதே வாயுதான். ஆகவே கூடாரத்துக்குள், கூடார வாசலில், வேனுக்குள், டிக்கியில், மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில் ஜெனரேட்டர் ஓடவே கூடாது. கதவு, ஜன்னல் திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் குடியிருக்கும் இடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்கிறது. நான் 80, 100 அடிக்குக் குறைத்து வைப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கூடாரங்களைத் தாண்டிக் காற்று போகும் திசையில் வைப்பேன். ஒருவருக்குத் தலைவலி என்றால் முதலில் எல்லோரையும் வெளியே திறந்த காற்றுக்குக் கொண்டுவாருங்கள், ஜெனரேட்டரை அணையுங்கள், 108ஐ அழையுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் சிறியதாகக் கிடைக்கிறது, கூடாரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் ஜெனரேட்டரைக் கிட்டத்தில் வைப்பதற்குக் காரணம் ஒயர் நீளம் இல்லாததுதான். 30 மீட்டர், 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் வாங்குங்கள். 1,600 வாட் லோடில்கூட அந்தத் தூரத்துக்கு ஐந்து வோல்ட்தான் குறையும், 230ல் ஐந்து ஒன்றுமே இல்லை. சுருளாக வைத்தபடியே ஓட்டாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடு ஏறும். ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் ஒரு கம்பில் கட்டித் தொங்கவிடுங்கள், தரையில் கிடந்தால் விடியற்காலைப் பனியே அதற்குள் இறங்கிவிடும்.

தூரம் சத்தத்துக்கும் மருந்து. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது ஆறு டெசிபல் குறையும். ஏழு மீட்டரில் 57 டெசிபல் கேட்கும் மெஷின் 14 மீட்டரில் 51, 28 மீட்டரில் 45. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் விதித்த வரம்பு அந்த 45தான். அமைதியான மெஷினும் முப்பது மீட்டர் ஒயரும் சேர்ந்தால் சட்டம் ஊருக்குள் கேட்கிற அமைதியை நீங்கள் காட்டுக்குக் கொடுத்துவிடலாம். வாங்கும்போது டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே மெஷினுக்கு ஏழு மீட்டரில் அளந்த எண்ணும் இருக்கும், மெஷினின் மொத்த ஒலித்திறன் எண்ணும் இருக்கும். இரண்டாவது எண் 25 அளவுக்கு அதிகமாகத் தெரியும். இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது ஒரே வகை எண்ணைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜவ்வாது மலையில் நாங்கள் கூடாரம் போடும் இடத்துக்கு அப்பால் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. விடிகாலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு நாம் இயற்கையை ரசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

காப்புக்காட்டில் ஜெனரேட்டர் என்ற பேச்சே கிடையாது. அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். பட்டா நிலமாக இருந்தாலும் பிப்ரவரிக்கு மேல் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்ததை நாம் மறக்க முடியாது. ஜெனரேட்டர் வைக்கும் இடத்தைச் சுற்றிப் புல், சருகு எல்லாவற்றையும் மண் தெரியும்வரை கூட்டித் தள்ளுங்கள். சைலன்சரில் பொறி வடிகட்டி இருக்கும் மெஷினாக வாங்குங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட் மணலும் சிறிய தீயணைப்பு சிலிண்டரும் இருக்கட்டும்.

பெட்ரோல் கொண்டுபோக உலோக கேன் வேண்டும். தண்ணீர் பாட்டிலில் வாங்கிக்கொண்டு போகிறார்கள், அது ஆபத்து. பஸ்ஸிலும் ரயிலிலும் பெட்ரோல் கொண்டுபோகக் கூடாது, சொந்த வண்டியில்தான். கேனை வெயில் படாமல், ஆட்கள் உட்காராத பக்கம் நிறுத்திக் கட்டுங்கள். மெஷினையும் நேராக நிறுத்தியே கொண்டுபோங்கள். டேங்க் மூடியில் காற்றுத் துளைக்கான திருகு இருந்தால் பயணத்தில் மூடியிருக்க வேண்டும், ஓடும்போது திறந்திருக்க வேண்டும். அதைத் திறக்க மறந்தால் அரை மணி நேரம் ஓடித் தானாக நின்றுவிடும், நாம் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்போம். ஓடும்போதும் சூட்டோடும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அணைத்து, சைலன்சர் ஆறிய பிறகு, டேங்க் விளிம்புவரை நிரப்பாமல் ஊற்றுங்கள்.

இனி பராமரிப்பு. திருப்பத்தூரில் எங்கள் மெஷினைப் பார்க்கும் மெக்கானிக் ஒருமுறை சொன்னார்: "சார், ஓடிக் கெட்டுப்போய் எங்கிட்ட வர்றது கம்மி. சும்மா வெச்சிருந்து கெட்டதுதான் ஜாஸ்தி." அவர் கடையில் வரிசையாக இருந்த மெஷின்களைப் பார்த்தபோது அது எனக்கு நன்றாகவே புரிந்தது. பாதிக்கு மேல் கார்புரேட்டர் அடைப்பு.

பெட்ரோல் டேங்கில் கிடக்கக் கிடக்க அதன் லேசான பகுதிகள் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகக் கெட்டியாகும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் ஜெட் ஊசிமுனை அளவுத் துளை, அதை அடைக்கத் துளிப் பிசின் போதும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடித் தண்ணீர்தான். பித்தளை, அலுமினியப் பாகங்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் பழைய மெஷின்களின் கையேட்டில் 10 சதவீதம் எத்தனால்வரை என்றுதான் போட்டிருக்கும், வாங்கும்போது இ20 ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் பெட்ரோலைத் தேங்கவிடக் கூடாது.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இதைச் செய்யுங்கள். டேங்கில் மிச்சமுள்ள பெட்ரோலை வடித்து அன்றைக்கே வண்டிக்கு ஊற்றிவிடுங்கள். பிறகு மெஷினை ஸ்டார்ட் செய்து, அது தானாக நிற்கும்வரை வெட்டவெளியில் ஓடவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன வடிப்புத் திருகு இருக்கும், அதைத் தளர்த்தி மீதியையும் இறக்குங்கள். இன்ஜின் நின்ற பிறகும் கிண்ணத்தில் கொஞ்சம் தங்கியிருக்கும், அதுதான் பிசினாகிறது. மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கடைசியாகக் கயிறு கனமாகத் தட்டுப்படும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் வால்வுகள் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் இதை விடவே கூடாது.

வடிக்கிற வேலை வேண்டாம் என்றால் மாற்று வழி ஒன்றுதான். மாதம் ஒரு தடவை அரை மணி நேரம், சும்மா ஓட்டாமல் ஃபேன், விளக்கு ஏதாவது லோடு போட்டு ஓட்டுங்கள். டேங்கில் புதுப் பெட்ரோல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. புது ஜெனரேட்டரைப் பெரும்பாலும் ஆயில் ஊற்றாமல்தான் அனுப்புகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சின்ன இன்ஜின்கள் கொள்வது அரை லிட்டருக்கும் குறைவு. அந்தக் கொஞ்சத்தில் கால் லிட்டர் குறைந்தாலும் அது பாதி போன மாதிரி. 10டபிள்யூ-30 ரகம் நம் ஊருக்கு ஒத்துவரும், ஆனாலும் கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள். மெஷினைச் சமதரையில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஒரு தடவை மாற்றுங்கள். புது இன்ஜினில் உராய்ந்து வரும் உலோகத் தூள் அதில்தான் இருக்கும். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒன்று, அல்லது ஆறு மாதத்துக்கு ஒன்று. ஆயில் குறைந்தால் தானாக அணைக்கும் சென்சார் நல்ல மெஷின்களில் உண்டு. மலைச்சரிவில் சாய்வாக வைத்தால் ஆயில் இருந்தும் அந்த சென்சார் இன்ஜினைக் கிளம்பவிடாது. கயிற்றை இழுத்துத் தோள் வலிக்கும் முன் தரை மட்டமா என்று பாருங்கள்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, சில துளி இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். செம்மண் பாதையோரம் ஓட்டினால் இன்னும் சீக்கிரம். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் பல மெஷின்களுக்குப் பொருந்தும். பொறி வடிகட்டியில் கரி சேர்ந்தால் சக்தி குறையும், பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். முகாமுக்குப் போகும் பையில் உபரி பிளக், பிளக் ஸ்பானர், அரை லிட்டர் ஆயில், புனல், கொஞ்சம் பழைய துணி இருந்தால் வழியில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம்.

ஓட்டும் முறையும் பராமரிப்புதான். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் லோடு இல்லாமல் ஓடவிட்டுப் பிறகு செருகுங்கள். அணைக்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். மோட்டார் போடும் முன் எகோ சுவிட்சை அணையுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் வேகம் பிடிப்பதற்குள் மோட்டார் இழுத்துவிடும். மெஷினில் உள்ள 12 வோல்ட் துளை பேட்டரி சார்ஜ் செய்வதற்கு மட்டும். அதன் வோல்டேஜ் நிலையாக இருக்காது, தொலைநோக்கியையோ கேமராவையோ நேராக அதில் மாட்டாதீர்கள். டெஸ்டர் வைத்தால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் விளக்கு எரிகிறதே என்று சிலர் பதறுவார்கள். இந்தச் சின்ன மெஷின்கள் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது, அதனால் அப்படிக் காட்டும். ஆனால் இதனாலேயே வீட்டு வயரிங்கோடு இதை நீங்களாக இணைக்கக் கூடாது. அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. லைனில் வேலை பார்க்கும் மின்வாரியத் தொழிலாளியின் உயிர் அதில் இருக்கிறது.

உங்கள் வீட்டு மூலையில் ஏற்கெனவே ஒரு ஜெனரேட்டர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனைக்குப் பதில் வார்னிஷ் நெடி அடித்தால் ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். முழுவதும் வடித்து, கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றிய பிறகு கயிற்றை இழுங்கள். டிசம்பர் முகாமுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.